வாங்கிய லைசென்ஸுக்கு மறுபடியும் வாடகையா? விண்டோஸ் சர்வர் க்ளவுடுக்குப் போன கதை

அஸூரில் ஒரு விண்டோஸ் வெர்ச்சுவல் மெஷின் உருவாக்கினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். முதல் பக்கத்தோட அடியில, ஏற்கெனவே இருக்கிற விண்டோஸ் சர்வர் லைசென்ஸைப் பயன்படுத்தப் போறீங்களான்னு கேட்டு ஒரு சின்ன செக்பாக்ஸ் இருக்கும். பல பேர் அதைப் படிக்காமலே தாண்டிப் போயிடுவாங்க. இன்னைக்கு அந்த ஒரு டிக்குக்குப் பின்னாடி இருக்கிற வரலாற்றைத்தான் பார்க்கப் போறோம்.

முதல்ல அந்த டிக் எவ்வளவு பெறும்னு பார்த்திடலாம். அமெரிக்காவின் ஈஸ்ட் யுஎஸ் ரீஜியனில் டி2எஸ் வி3 என்கிற 2 கோர் மெஷினை எடுத்துக்குவோம். பட்டியல் விலைப்படி லினக்ஸ் போட்டால் மணிக்கு 0.096 டாலர், விண்டோஸ் போட்டால் 0.188 டாலர். அதே சிபியு, அதே மெமரி. மேலதிகமா வர்ற 0.092 டாலர் முழுக்க விண்டோஸ் லைசென்ஸுக்கான வாடகை. ஒரு கோருக்கு மணிக்கு 0.046 டாலர்னு வருது. பில்லில் பாதி மெஷினுக்கு, பாதி மென்பொருளுக்கு.

மென்பொருளுக்குத் தனி விலை என்பதே ஒரு காலத்தில் கிடையாது. ஐபிஎம் கம்ப்யூட்டர் வாங்கினால் மென்பொருளும் கூடவே வரும். 1969 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை ஐபிஎம் மேல ஏகபோக வழக்குப் போட்டது. அதே வருஷம் ஜூன் மாசம், மென்பொருளையும் சேவைகளையும் வன்பொருளிலிருந்து பிரிச்சுத் தனியா விற்கப் போறதா ஐபிஎம் அறிவிச்சது. மென்பொருள் ஒரு தனித் தொழிலா வளர்றதுக்கு அது பெரிய திருப்பம். 1976-ல் பில் கேட்ஸ், காசு கொடுக்காமல் தங்களோட பேசிக் மென்பொருளைக் காப்பி எடுத்தவங்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். நாம வாங்குறது டிஸ்க்கையோ டேப்பையோ இல்லை, பயன்படுத்துற உரிமையை மட்டும்தான் என்கிற எண்ணம் இப்படித்தான் வேரூன்றியது.

சரி, அந்த உரிமையை எதை வச்சு எண்றது? இந்தக் கேள்விக்குக் காலத்துக்குக் காலம் பதில் மாறிக்கிட்டே வந்திருக்கு. 1993-ல் விண்டோஸ் என்டி வந்தப்போ கணக்கு எளிது. ரேக்கில் ஒரு பெட்டி நின்னா அதுக்கு ஒரு சர்வர் லைசென்ஸ். 2001-ல் விஎம்வேர் நிறுவனத்தின் இஎஸ்எக்ஸ் வந்ததும் ஒரே பெட்டிக்குள்ள பத்து சர்வர் ஓட ஆரம்பிச்சது. விண்டோஸ் சர்வர் 2012-ல் இரண்டு பிராசஸருக்கு ஒரு லைசென்ஸ்னு கணக்கு. அதில் ஸ்டாண்டர்டு பதிப்புக்கு இரண்டு வெர்ச்சுவல் மெஷின், டேட்டாசென்டர் பதிப்புக்கு வரம்பே இல்லை. விண்டோஸ் சர்வர் 2016 வந்ததும் அதையும் கோர் கணக்கா மாத்திட்டாங்க. ஒரு சர்வருக்குக் குறைஞ்சது 16 கோருக்கு லைசென்ஸ் வாங்கணும்.

இதெல்லாம் நம்ம கண்ணுக்குத் தெரியிற பெட்டியை வச்சுப் போட்ட கணக்கு. 2006-ல் அமேசான் இசி2 வந்தப்போ பெட்டியே நம்மகிட்ட இல்லாமப் போச்சு. 2008 அக்டோபரில் இசி2-வில் விண்டோஸும் வந்தது, லைசென்ஸ் கட்டணம் மணிக்கணக்கு வாடகைக்குள்ளேயே சேர்ந்து வந்தது. புதுசா தொடங்குற கம்பெனிக்கு இது வசதிதான். ஆனா ஏற்கெனவே லட்சக்கணக்கில் கொடுத்து லைசென்ஸ் வாங்கி வச்சிருக்கிற கம்பெனிக்கு? சொந்த வீட்டைப் பூட்டிட்டு வாடகை வீட்டில் குடியிருக்கிற மாதிரி. ஒரே மென்பொருளுக்கு இரண்டு தடவை காசு.

2011 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் பாதிக் கதவைத் திறந்தது. சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் என்கிற ஆண்டுச் சந்தா கட்டுறவங்க, எஸ்க்யூஎல் சர்வர் மாதிரியான மென்பொருள் லைசென்ஸை மற்றவங்க க்ளவுடுக்கும் கொண்டு போகலாம்னு சொன்னாங்க. விண்டோஸ் சர்வர் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

மீதிக் கதவு 2016 பிப்ரவரியில் திறந்தது, ஆனா மைக்ரோசாஃப்ட்டோட சொந்த வீட்டுப் பக்கமா மட்டும். அதுதான் அந்த செக்பாக்ஸ். அப்போ ஹைப்ரிட் யூஸ் பெனிஃபிட்னு பேர், பிறகு அஸூர் ஹைப்ரிட் பெனிஃபிட் ஆச்சு. இதைப் போட்டால் விண்டோஸ் மெஷினுக்கு லினக்ஸ் விலைதான் வரும்.

இங்கே கணக்கைக் கவனமாப் போடணும். 16 கோர் லைசென்ஸை வச்சு 8 கோர் வரைக்கும் இருக்கிற இரண்டு மெஷினை ஓட்டலாம். மெஷின் எவ்வளவு சின்னதா இருந்தாலும் 8 கோர் லைசென்ஸ் செலவாகும். மாசம் 730 மணி நேரம்னு வச்சா, இரண்டு 8 கோர் மெஷினில் போட்டால் சுமார் 537 டாலர் மிச்சம். அதே லைசென்ஸை இரண்டு 2 கோர் மெஷினில் போட்டால் 134 டாலர்தான். பெரிய மெஷின், அதிலும் 24 மணி நேரமும் ஓடுற மெஷின், அதுக்குத்தான் முதல் உரிமை. பகலில் மட்டும் ஓடுற டெஸ்ட் மெஷினை மணிக்கணக்கு வாடகையிலேயே விட்டுடலாம்.

இன்னொரு விஷயம். டேட்டாசென்டர் லைசென்ஸை உங்க ஆபீஸ் சர்வரிலும் அஸூரிலும் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். ஸ்டாண்டர்டுக்கு அந்தச் சலுகை இல்லை, இடம்பெயர்றதுக்கு 180 நாள் அவகாசம் மட்டும்தான். சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் காலாவதியானா சலுகையும் போச்சு. டிக் போடும்போது யாரும் சான்று கேட்க மாட்டாங்க. ஆனா ஆடிட் வந்தா கணக்குக் காட்ட வேண்டியது நாமதான்.

கதை இதோட முடியல. அமேசான் 2015-லேயே ஒரு முழு சர்வரையும் ஒரே வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற டெடிகேட்டட் ஹோஸ்ட் திட்டத்தைக் கொண்டு வந்திருந்தது. அதில் சொந்த விண்டோஸ் லைசென்ஸைப் போட்டுக்க முடிஞ்சது. மைக்ரோசாஃப்ட் 2019 அக்டோபர் 1-லிருந்து அந்த விதியை மாத்தியது. அந்தத் தேதிக்குப் பிறகு வாங்குற விண்டோஸ் சர்வர் லைசென்ஸை அமேசான், கூகுள், அலிபாபா ஹோஸ்டுகளுக்குக் கொண்டு போக முடியாது. அஸூரையும் அதே பட்டியலில் சேர்த்தாங்க, ஆனா அஸூருக்குத்தான் ஹைப்ரிட் பெனிஃபிட் இருக்கே! விண்டோஸ் சர்வருக்கும் எஸ்க்யூஎல் சர்வருக்கும் அஸூரைவிட அமேசான் 5 மடங்கு அதிக விலைன்னு மைக்ரோசாஃப்ட் விளம்பரமே செஞ்சது. அமேசான் எந்த விலைக்கு விண்டோஸ் வாங்கணும்னு தீர்மானிக்கிறதும் அதே மைக்ரோசாஃப்ட்தான் என்பதை மறந்துடக் கூடாது.

ஐரோப்பாவில் இது புகாரா வெடிச்சது. பிரான்ஸின் ஓவிஎச் க்ளவுட் புகார் கொடுத்த விஷயம் 2022-ல் வெளியே வந்தது. அதே வருஷம் நவம்பரில், ஐரோப்பிய க்ளவுட் நிறுவனங்களின் கூட்டமைப்பான சிஸ்பேயும் ஐரோப்பிய ஆணையத்துக்குப் போனது. 2024 ஜூலையில் சிஸ்பேயோட சமரசம் ஆச்சு. அமேசான், கூகுள் போன்ற பெரிய போட்டியாளர்களுக்கு அதனால் எதுவும் கிடைக்கல. 2025 ஜூலையில் பிரிட்டனின் போட்டி ஆணையம், இந்த லைசென்ஸ் முறை அமேசான், கூகுள் இரண்டின் போட்டித் திறனையும் பாதிக்குதுன்னு முடிவுக்கு வந்தது.

அப்போ நாம என்ன செய்யலாம்? லைசென்ஸ் கையில இருந்தா கண்டிப்பா டிக் போடுங்க, அது உங்க காசு. ஆனா எந்த க்ளவுட் மலிவுன்னு மேனேஜ்மென்ட் கேட்டா, மெஷின் விலையையும் லைசென்ஸ் விலையையும் தனித்தனி வரியா எழுதிக் காட்டுங்க. அஸூர் மலிவா தெரியிறது மெஷினாலயா, லைசென்ஸ் விதியாலயான்னு அப்போதான் புரியும். மெஷின் விலை சந்தைப் போட்டியில் இறங்கலாம். லைசென்ஸ் விதி மாறுறது ஒரு கம்பெனி கையில இருக்கு. அஞ்சு வருஷத்துக்குத் திட்டம் போடுற ஒருத்தருக்கு இந்த இரண்டும் ஒரே மாதிரியான சேமிப்பு இல்லை.

உங்க கம்பெனியில் லைசென்ஸ் கணக்கை யார் வச்சிருக்காங்க, ஐடி டீமா, பர்ச்சேஸ் டீமா? கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.