ஊரை விட்டுப் போகாமலே வாழ முடியுமா? சபேலோ முலங்கேனியின் 'கன்ட்ரி கேர்ள்ஸ்' படங்கள் சொல்வது என்ன?

தன்பாலின ஈர்ப்பாளர்கள், திருநர்கள் பற்றிய கதை என்றாலே பெரும்பாலும் ஒரே ரூட்தான். கிராமத்தில் பிறப்பார்கள். ஏச்சுபேச்சு தாங்காமல் பெருநகரத்துக்கு பஸ் ஏறுவார்கள். வாழ்க்கையே அங்கேதான் தொடங்கும். சரி, ஊரிலேயே தங்கிவிட்டவர்கள்? அவர்களைப் படமெடுத்தவர்தான் தென்னாப்பிரிக்கப் புகைப்படக் கலைஞர் சபேலோ முலங்கேனி.

யார் இவர்?

1980-ல் முபுமலங்கா மாகாணத்தின் டிரீஃபோன்டெய்ன் கிராமத்தில் பிறந்தவர். 2001-ல் ஜோகன்னஸ்பர்க் வந்து, 'மார்க்கெட் போட்டோ வொர்க்‌ஷாப்' பள்ளியில் படித்தார். புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் டேவிட் கோல்ட்பிளாட் 1989-ல், நிறவெறி ஆட்சி இருந்தபோதே தொடங்கிய பள்ளி அது. நள்ளிரவில் ஜோகன்னஸ்பர்க் தெருக்களைக் கூட்டும் பெண்களைப் பற்றிய 'இன்விசிபிள் விமன்' தொடரும் இவருடையதுதான்.

'கன்ட்ரி கேர்ள்ஸ்' அப்படின்னா என்ன?

2003 முதல் 2009 வரை எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களின் தொடர் இது. டிரீஃபோன்டெய்ன், எர்மெலோ, பெத்தல் என எல்லாமே அவர் பிறந்த மாகாணத்து ஊர்கள். நிலக்கரிச் சுரங்கமும் மக்காச்சோள வயலும் நிறைந்த பகுதி.

படங்களில் என்ன இருக்கு? முடி திருத்தும் கடை, அழகிப் போட்டி, ஜோடியாக நிற்கும் காதலர்கள், அலங்கரித்துக்கொண்டு கேமராவைப் பார்ப்பவர்கள். யாருடைய முகமும் செய்திப் படம் மாதிரி மங்கலாக்கப்படவில்லை. பல படங்களுக்கு அதில் இருப்பவரின் பெயரே தலைப்பு.

சட்டம் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம்

பாலின ஈர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று அரசியலமைப்பிலேயே எழுதிய முதல் நாடு தென்னாப்பிரிக்கா. 2006 நவம்பர் 30-ல் தன்பாலினத் திருமணமும் சட்டப்படி செல்லுபடியானது. ஆப்பிரிக்காவில் அதுவே முதல்முறை.

முலங்கேனியின் தொடர் அந்தச் சட்டத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்பு தொடங்கி, மூன்று ஆண்டுகள் பின்பு முடிகிறது. ஆனால் சட்டம் வந்ததும் எல்லாம் மாறிடுச்சா? இல்லை. வெறுப்புத் தாக்குதல்களும் கொலைகளும் அதன் பிறகும் நடந்தன. அந்த பயம் இருக்கும் ஊரிலேயே கடை நடத்தி, நட்பு வளர்த்து, காதலித்து வாழ்பவர்களைத்தான் இந்தப் படங்கள் காட்டுகின்றன.

இதில் 'எதிர்காலம்' எங்கே வருது?

கிராமத்தில் வளரும் ஒருவருக்கு, தன்னைப் போன்ற ஒருவர் அதே மாதிரி ஊரில் வயது ஏறி வாழ்வதைப் பார்ப்பதே பெரிய விஷயம். 'நம்மாலும் முடியும்' என்று நினைக்க முதலில் ஒரு முகம் கண்ணில் பட வேண்டும் இல்லையா? குடும்பத்தையும் பிறந்த மண்ணையும் விட்டால்தான் நிம்மதி என்ற கணக்கையே இந்தப் படங்கள் கேள்வி கேட்கின்றன.

அடுத்து எங்கே போனார்?

2019-ல் நைஜீரியாவின் லாகோஸ் நகரில், பால்புதுமையர் ஒன்றாகத் தங்கியிருந்த ஒரு பாதுகாப்பு இல்லத்தைப் படமெடுத்தார். தொடரின் பெயர் 'தி ராயல் ஹவுஸ் ஆஃப் அல்யூர்'. நைஜீரியாவில் தன்பாலினத் திருமணம் செய்தால் 14 ஆண்டுகள் வரை சிறை என்கிறது 2014-ல் வந்த சட்டம்.

ஒரு நாட்டில் சட்டம் துணை நிற்கிறது, இன்னொரு நாட்டில் அதே சட்டம் துரத்துகிறது. இரண்டு இடத்திலும் இவர்களை அன்றாடம் தாங்கிப் பிடிப்பது பக்கத்தில் இருக்கும் நண்பர்கள்தான் என்பதை முலங்கேனியின் படங்களில் பார்க்கலாம்.