மிகுபரப்பு உலோகப் புளோரைடுகள்

நானோமீட்டர் அளவுத் துகள்களால் ஆன, கிராமுக்கு ஏறத்தாழ 100 சதுர மீட்டருக்கு மேல் புறப்பரப்புக் கொண்ட புளோரைடுகளை மிகுபரப்புப் புளோரைடுகள் என்கிறோம். அலுமினியம், மக்னீசியம் ஆகிய இரண்டின் புளோரைடுகளே இவ்வகையில் அதிகம் ஆராயப்பட்டவை. புறப்பரப்பை அளக்கும் முறையை 1938இல் புருனாவர், எம்மெட், டெல்லர் ஆகிய மூவரும் வகுத்தனர். கடுங்குளிரில் பொடியின் மேல் படியும் நைட்ரஜனின் அளவைக் கொண்டு பரப்பு கணக்கிடப்படுகிறது.

அலுமினியம் புளோரைடு புதிய பொருள் அல்ல. அலுமினிய உருக்காலைகள் அதை டன் கணக்கில் பயன்படுத்துகின்றன. ஆனால் அங்கு செல்வது ஆல்பா வடிவம். அந்தக் கெட்டியான படிகத்தில் ஒவ்வொரு அலுமினிய அணுவையும் ஆறு புளோரின் அணுக்கள் சூழ்ந்திருப்பதால், வினைபுரிய வரும் மூலக்கூறுக்கு இடமே இல்லை. இடம் திறக்க வேண்டுமானால் துகள் சிறுக்க வேண்டும், படிக ஒழுங்கும் குலைய வேண்டும்.

பழைய வழிகளில் நீரும் வெப்பமும் குறுக்கே நின்றன. நீரேறிய அலுமினியம் புளோரைடைச் சூடாக்கினால், வெளியேறும் நீரே புளோரைடைத் தாக்கும். ஹைட்ரஜன் புளோரைடு ஆவியாகிப் போக, ஆக்சைடு எஞ்சும். வெப்பத்தைக் கூட்டினால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிடும்.

இதில் தொழில்துறைக்கு ஆர்வம் வரக் காரணம் குளிரூட்டி வாயுக்கள். கரிமச் சேர்மங்களில் குளோரினை அகற்றிப் புளோரினைப் புகுத்த ஆன்டிமனி புளோரைடு உதவும் என்று பெல்ஜியத்தின் ஃபிரெடெரிக் சுவார்ட்ஸ் 1890களில் காட்டியிருந்தார். 1930 வாக்கில் பிரியான் வாயுக்கள் பிறந்தது அந்த வழியில்தான். ஆன்டிமனி வினையூக்கிகள் கலன்களை அரிக்கும் இயல்புடையவை. அதனால் அதே வேலையைச் செய்யும் திண்மப் பொருள் தேடப்பட்டது. டியூபான்ட் நிறுவனத்தின் கிரெஸ்பனும் உடன் உழைத்தவர்களும் அலுமினியம் குளோரைடைக் குளோரோபுளோரோகார்பனுடன் வினைபுரியச் செய்து, சிறிதளவு குளோரின் எஞ்சிய அலுமினியம் குளோரோபுளோரைடைப் பெற்றனர். மிக வலிமையான திண்ம லூயி அமிலம் அது. ஆனால் ஈரக்காற்றுப் பட்டாலே கெட்டுவிடும்.

பெரிய திருப்பம் 2003இல் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் எர்ஹார்ட் கெம்னிட்ஸ் குழுவிடமிருந்து வந்தது. ஆக்சைடுகளுக்குரிய சால்-ஜெல் முறையின் வேர் 1840களில் பிரான்சின் எபெல்மன் செய்த சோதனைகள் வரை செல்கிறது. அதில் உலோக ஆல்காக்சைடை நீர் சிதைத்து ஆக்சைடுக் களியாக்குகிறது. கெம்னிட்ஸ் குழு நீர் இருந்த இடத்தில் நீரற்ற ஹைட்ரஜன் புளோரைடை வைத்தது. கரிமக் கரைப்பானில் அலுமினியம் ஐசோபுரோப்பாக்சைடுடன் அது வினைபுரியும்போது ஆல்கஹால் கழன்று புளோரைடுக் களி உருவாகிறது. எளிய மாற்றம்தான், அதற்கு ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. உலர்ந்த களியில் ஆல்காக்சைடு சற்று மீந்திருக்கும். அதை நீக்க, மிதமான வெப்பத்தில் புளோரினூட்டும் வாயுவைச் செலுத்துகிறார்கள். அதற்குப் பயன்பட்டவற்றுள் ஒன்று, ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கை கட்டுப்படுத்திய பிரியான்-12. கிடைத்த பொடியின் பரப்பு கிராமுக்குச் சுமார் 200 சதுர மீட்டர். எக்ஸ் கதிருக்கு அது படிகமற்றதாகவே தெரியும். லூயி அமில வலிமையில் ஆன்டிமனி பென்டாபுளோரைடுக்கு நிகரானது.

நுண்பால்மம், பந்து ஆலையில் உலர் அரைவை, டிரைபுளோரோஅசிட்டேட்டைச் சூடாக்கிச் சிதைத்தல் ஆகியவையும் நானோ புளோரைடுகளைத் தருகின்றன. ஆனால் பரப்பும் அமில வலிமையும் சேர்ந்தே வேண்டும் என்றால் சால்-ஜெல் வழிக்கு இணை சொல்வது கடினம்.

மக்னீசியத்தில் பயன் வேறு திசையில் சென்றது. மக்னீசியம் மெத்தாக்சைடை மெத்தனாலில் ஹைட்ரஜன் புளோரைடுடன் சேர்த்தால் தெளிவான கூழ்மக் கரைசல் கிடைக்கிறது. கண்ணாடியை அதில் தோய்த்தெடுத்துச் சூடாக்கினாலே பூச்சு ஆகிவிடும். வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய வைக்கத் தேவையில்லை. கெட்டியான மக்னீசியம் புளோரைடின் ஒளிவிலகல் எண் 1.38. சாதாரணக் கண்ணாடியின் எதிரொளிப்பை ஒரே அடுக்கால் போக்க ஏறத்தாழ 1.22 தேவை. நானோ துகள்களுக்கு இடையே எஞ்சும் நுண்துளைகள் எண்ணை அந்த அளவை நோக்கி இறக்குகின்றன.