மகமை: பட்டியலில் கடைசி வரி

மண்டியில் எழுதித் தரும் பட்டியலில் கமிஷன், ஏற்றுகூலி, சாக்கு என்று கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் ‘மகமை’ என்று ஒரு சிறு தொகை நிற்கும். சில்லறைதானே என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சில்லறை கட்டிய பள்ளிக்கூடங்கள் பல.

‘மகிமை’தான் பேச்சில் மருவி மகமை ஆயிற்று என்பது ஒரு கட்சி. கல்வெட்டு படித்தவர்கள் ‘மகன்மை’ என்ற வடிவத்தைக் காட்டுவார்கள். முதலாவது சரியென்றால் தருபவருக்குப் பெருமை. இரண்டாவதென்றால் அவர் சாமிக்கோ ஊருக்கோ பிள்ளை முறை. எனக்குப் பின்னதே பிடிக்கிறது. பிடித்திருப்பது சான்றாகாதுதான்.

பெயர் எப்படியோ, பழக்கம் பழையது. பிரான்மலைக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று உண்டு. ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுவினர் கூடி உப்பு, மிளகு, பாக்கு, இரும்பு, பருத்தி என்று சரக்குக்குச் சரக்கு, சுமைக்கு இவ்வளவு கோயிலுக்கு என்று எழுதிவைத்தார்கள். அரசன் போட்ட வரியல்ல. தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்டது. பின்னாளில் நகரத்தார் வட்டிக்கடைகளிலும் மகமை உண்டு.

19ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல்லுக்குப் புது வேலை வந்தது. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டைப் பக்கத்து நாடார் வணிகர்கள் மாட்டுவண்டிகளை அவிழ்த்துப்போடப் பேட்டை கட்டினார்கள். அங்கே வந்திறங்கும் சரக்குக்கு மகமை. உறவின்முறை என்ற அவர்களுடைய ஊர்ச் சங்கத்தில் முறைகாரர்கள் கணக்குப் பார்த்தார்கள். கோயில், கிணறு, பிறகு பள்ளி. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889இல் அப்படி எழுந்ததுதான். காமராஜர் படித்தது அங்கே.

அந்தப் பள்ளிக்கு இன்னொரு வருவாயும் இருந்தது: பிடி அரிசி. உலையில் போடுமுன் வீட்டுப் பெண்கள் ஒரு கை அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். கடைக் கணக்கில் ஏறாததால் அதற்கு மகமை என்ற பெயர் கிட்டவில்லை. காரியம் ஒன்றுதான்: நம்முடையது என்று ஆவதற்கு முன்பே எடுத்துவிடுவது.

வினைச்சொல்லைக் கவனித்தால் இது புரியும். நன்கொடையைக் கொடுக்கிறோம், நிதியைத் திரட்டுகிறோம், மானியத்தை வாங்குகிறோம். மகமையைப் ‘பிடிக்கிறார்கள்’. வடக்கே இதற்கு ‘தர்மாதா’ என்று பெயர். பட்டியலில் அப்படிப் பிடித்த பணம் வியாபாரியின் வருமானமாகாது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்களிடம் சமூகப் பணிக்குக் கேட்கும் 2 சதவீதம் இப்படியல்ல; மூன்றாண்டு லாபத்தின் சராசரியைப் பார்த்துக் கணக்கிடுவது. மகமைக்கு மூட்டை இறங்கினால் போதும், அந்த வருஷம் லாபமா நட்டமா என்று கேட்காது. தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்: திட்ட நிதி முடிகிற மாதத்தில் வாத்தியார் சம்பளத்துக்கு எங்கே போவது?

புகழ்ந்தே போக முடியவில்லை. உறவின்முறை கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிட்டு அந்த ஊரில் கடை நடத்துவது எளிதாக இருந்திருக்காது. நாங்களாகப் போட்டுக்கொண்டது என்பதில் அந்த ‘நாங்கள்’ யார் யார்? கமிஷன் மண்டிப் பட்டியலில் மகமை எந்தத் தொகையிலிருந்து கழிகிறது என்று விரல் வைத்துப் பார்த்தால், பல இடங்களில் அது மூட்டை கொண்டுவந்த சம்சாரியின் கணக்கில் விழுந்திருக்கும்.