காயத்தின் இடம் தேடி: பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறும் மூளை ஆய்வின் நூற்றாண்டும்

போர், விபத்து, வன்முறை முதலிய கொடிய நிகழ்வுகளுக்குப் பின் சிலரைத் தொடரும் மனநோயின் குறிகளுக்கு மூளையில் இடம் காணும் முயற்சி, முதல் உலகப்போர்க் காலத்தில் தீவிரமடைந்தது. பிரிட்டிஷ் உளவியலாளர் சார்லஸ் மயர்ஸ், குண்டுகள் அருகே வெடித்தபின் நினைவாற்றலும் பார்வை, மணம், சுவை ஆகிய புலன்களும் குன்றிய மூன்று படைவீரர்களைப் பற்றி 1915இல் ‘தி லான்செட்’ இதழில் எழுதி, ‘ஷெல் ஷாக்’ என்னும் பெயரை மருத்துவ வழக்கில் நிலைபெறச் செய்தார். இறந்த வீரர்களின் மூளைகளை ஆராய்ந்த ஃபிரெடரிக் மாட், அவற்றில் கண்ட நுண்ணிய இரத்தக் கசிவுகளுக்கு வெடிப்பின் அதிர்வும் கார்பன் மோனாக்சைடு நச்சும் காரணமாகலாம் என்று கருதினார். எனினும், வெடிப்பின் அருகே இல்லாத வீரர்களிடமும் அதே குறிகள் காணப்பட்டதால் இவ்விளக்கம் வலுவிழந்தது.

1941இல் ஆப்ரம் கார்டினர், இந்நோயாளிகளின் திடுக்கிடலையும் உறக்கக் குலைவையும் உடலியக்கத்தில் வேரூன்றிய நரம்பியக் கோளாறாக விளக்கினார். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் நிலை விவாதப்பொருளானபின், 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறி கையேட்டின் மூன்றாம் பதிப்பு, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு என்னும் தனி நோயை ஏற்றது. கடந்த நிகழ்வு மீண்டும் நடப்பதுபோல் தோன்றுதல், உணர்வு மரத்துப்போதல், மிகை விழிப்பு ஆகிய குறிகளே அதை வரையறுத்தன. மூளையைப் பற்றிய அளவுகோல் எதுவும் அதில் இல்லை.

அந்த இடைவெளியை 1990களின் படமெடுக்கும் கருவிகள் நிரப்ப முற்பட்டன. 1995இல் டக்ளஸ் பிரெம்னர் குழுவினர் எம்.ஆர்.ஐ. மூலம், நோயுற்ற 26 வியட்நாம் போர் வீரர்களின் வலப்புற ஹிப்போகேம்பஸ், அதாவது நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப்பகுதி, நோயற்றோருடையதைவிட 8 விழுக்காடு சிறுத்திருந்ததைக் கண்டனர். மறு ஆண்டு ஸ்காட் ராச் குழுவினர், நோயாளிகள் தமக்கு நேர்ந்ததன் விவரணையைக் கேட்கும்போது, உணர்ச்சியோடும் பார்வையோடும் தொடர்புடைய பகுதிகளில் இரத்த ஓட்டம் மிகுவதையும், பேச்சை உருவாக்கும் புரோக்கா பகுதியில் அது குறைவதையும் பெட் ஸ்கேனில் பதிவுசெய்தனர். அந்நினைவுகள் காட்சிகளாகப் பெருகியும் சொல்லில் அடங்காமலும் இருப்பதற்கு இது ஒரு விளக்கமாகத் தோன்றியது. இத்தகைய ஆய்வுகளிலிருந்து, அச்சத்தை உணர்த்தும் அமிக்டலா மிகையாகச் செயல்பட, அதைக் கட்டுப்படுத்த வேண்டிய நெற்றிமடலின் நடுப்பகுதி தளர்ந்துவிடுகிறது என்ற கருத்து வலுப்பெற்றது.

ஆனால் காரணம் எது, விளைவு எது என்பது தெளியவில்லை. 2002இல் மார்க் கில்பர்ட்சன் குழுவினர் ஒருகரு இரட்டையரை ஆராய்ந்தபோது, போருக்குச் சென்று கடுமையாக நோயுற்றவர்களுக்கு மட்டுமன்றி, போரையே காணாத அவர்களின் உடன்பிறந்தோருக்கும் ஹிப்போகேம்பஸ் சிறிதாக இருந்தது. எனவே அச்சிறுமை நோய் விளைவித்த சேதமாக அன்றி, நோய்க்கு ஆளாகும் முன்னியல்பாகவும் இருக்கலாம் என்றாயிற்று. 2008இல் மைக்கேல் கோனிக்ஸ் குழுவினர், தலைக்காயமுற்ற வியட்நாம் போர் வீரர்களை ஆராய்ந்தனர். அமிக்டலா சேதமுற்ற 15 பேரில் ஒருவருக்கும் இந்நோய் ஏற்படாதது முன்னைய கருத்துக்கு இசைவாக இருந்தது. ஆனால் நெற்றிமடலின் நடு அடிப்பகுதி சேதமுற்றோரிடமும் நோய் குறைவாகவே காணப்பட்டது, கட்டுப்பாட்டுத் தளர்ச்சியே நோய் என்னும் எளிய விளக்கத்துக்கு முரணானது.

2010இல் ரூத் லேனியஸ் குழுவினர், தம்மிலிருந்தே விலகிநிற்பதாக உணரும் நோயாளிகளிடம் நெற்றிமடல் தளராமல், உணர்ச்சியை மிகையாக அடக்குவதாக விளக்கினர். 2013இல் வெளிவந்த கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இவ்வகையை நோயின் உட்பிரிவாக ஏற்றது. 2018இல் 794 நோயாளிகள் உட்பட 1,868 பேரின் மூளைப் படங்களைத் தொகுத்த பன்னாட்டு ஆய்வு, ஹிப்போகேம்பஸின் சிறுமையை உறுதிசெய்தாலும், அவ்வேறுபாடு மிகச் சிறியதே என்று காட்டியது.

இவ்வாறு, சிதைந்த ஓர் இடத்தைத் தேடிய ஆய்வு, மூளைப்பகுதிகள் ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் இயங்கும் முறையை ஆராய்வதாக மாறியது. குழுக்களின் சராசரியில் தெரியும் வேறுபாடு தனியொருவரின் நோயைத் தீர்மானிக்கப் போதாமையால், ஐந்தாம் பதிப்பும் நோயாளி கூறும் குறிகளையும் மருத்துவர் காணும் குறிகளையும் கொண்டே நோயை வரையறுக்கிறது. மூளைப் படம் அக்குறிகளை விளக்கத் துணைசெய்கிறதே தவிர, அவற்றுக்கு மாற்றாகவில்லை.