கரி பஸ்

மோட்டார் வண்டியின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன காலம் ஒன்று நம் கொங்கு நாட்டில் இருந்தது. குளிர் தேசங்களில் வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றி யாத்திரை போகிறவர்கள், வண்டிக்குள் இருக்கும் கணப்பு நடுவழியில் கெட்டுப்போனால் படும் பாட்டை எழுதியிருக்கிறார்கள், நானும் படித்திருக்கிறேன். அவர்களுக்குக் கணப்பு அணைந்தால் குளிரும், அவ்வளவுதான். நம்முடைய அடுப்பு அணைந்தால் வண்டியே நின்றுவிடும். பல்லடம் ரோட்டில், பட்டப்பகல் வெயிலில், நாற்பது பேர் இறங்கிப் புளியமரத்து நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்த விசித்திர வாகனம் யுத்தத்தின் குழந்தை. 1941-இல் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. மறு வருஷம் நிலைமை இன்னும் மோசமாயிற்று. அந்நாளில் நமக்கு வந்த எண்ணெயில் பெரும் பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942 மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. போவதற்கு முந்தின நாள், ஆற்றுக்கு அக்கரையில் சிரியத்தில் இருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைப் பிரிட்டிஷார் தாங்களே தகர்த்துவிட்டுக் கிளம்பினார்கள். எங்கோ எழுந்த அந்தப் புகையின் விளைவு திருப்பூர் வரைக்கும் வந்து சேர அதிக நாள் பிடிக்கவில்லை.

திருப்பூர் அப்போது கோயமுத்தூர் ஜில்லாவில் ஒரு சிறு பட்டணம். பருத்தி அரைக்கும் ஜின் பாக்டரிகள் இருந்தன. கதர் வியாபாரம் இருந்தது. 1920-களில் தலைகாட்டிய பனியன் தொழில் மெல்ல வேர்விட்டுக்கொண்டிருந்தது. ரயில் 1860-களிலேயே வந்துவிட்டது. ஆனால் ரயில் ஒரே கோட்டில் போகிறது. பருத்தியோ நாலா திசையிலும் விளைகிறது. தாராபுரம், காங்கேயம், பல்லடம், அவிநாசிப் பக்கத்து மூட்டைகளை மாட்டு வண்டி கொண்டுவந்துவிடும். மனிதர்களை யார் கொண்டுவருவது? பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஜி.டி. நாயுடு 1920-இல் ஒரு பஸ்ஸை ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து, இருபது வருஷத்தில் இந்தச் சீமை ஜனங்களுக்குப் பஸ் பழகிவிட்டது. சந்தைக்குப் பஸ், கோர்ட்டுக்குப் பஸ், சீர் செய்யப் பஸ். பழகிய சௌகரியத்தை விட மனிதனால் முடிகிறதா?

ஆகவே கரி வந்தது. மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்கார் தம் பட்டறையிலேயே காஸ் பிளாண்ட் ஒன்றைச் செய்து வெளியிட்டார், 'டி.வி.எஸ். காஸ் பிளாண்ட்' என்ற பெயர் அந்த நாளைய பஸ்காரர்களுக்கு மனப்பாடம்.

சமாசாரம் ஒன்றும் பிரமாதமில்லை. வண்டியின் பின்புறம் ஆள் உயர இரும்புப் பீப்பாய் ஒன்று. அதில் நிறைய அடுப்புக்கரி. அடியில் நெருப்பு. தாராளமாகக் காற்று விட்டால் கரி எரிந்து சாம்பலாகிவிடும். கொஞ்சமாக விட்டால் முழுக்க எரியாமல், கார்பன் மோனாக்சைடு என்கிற வாயு உண்டாகிறது. அதற்கு எரியும் குணம் உண்டு. குழாய் வழியாக அதைக் கொண்டுபோய்ச் சூடு ஆற்றி, தூசியை வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோல் செய்கிற வேலையை அது செய்யும். ஆனால் முழு வேலையும் செய்யாது. காற்றில் ஐந்தில் நாலு பங்கு எரியாத நைட்ரஜன். அதுவும் கூடவே எஞ்சினுக்குள் போய்ச் சும்மா இடத்தை அடைத்துக்கொள்கிறது. இதனால் எஞ்சினின் பலம் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைக்கும் குறைந்துபோகும். மேடு வந்தால் ஆண்கள் இறங்கி நடக்க வேண்டும். சில சமயம் தள்ளவும் வேண்டும். டிக்கெட் வாங்கிக்கொண்டு வண்டியைத் தள்ளிய ஜனங்கள் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறார்கள் என்று நான் கேலியாக நினைத்ததுண்டு. விசாரித்ததில், ஸ்வீடனில் மட்டும் அப்போது சுமார் 70,000 வண்டிகள் இப்படி விறகிலும் கரியிலும் ஓடினவாம். ஜெர்மனியில் அதைவிடப் பல மடங்கு.

என் சிறு வயதில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். யுத்த காலத்தில் கரி பஸ்ஸில் கிளீனர் வேலை பார்த்தவர். கிளீனர் என்றால் துடைக்கிறவன் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த அடுப்புக்கு வைத்தியரே அவர்தான். விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து பழைய சாம்பலைத் தள்ளி, கரி கொட்டி, நெருப்பு மூட்டிக் கைச்சக்கரத்தைச் சுற்ற வேண்டும். கால் மணிக்குமேல் சுற்றினால்தான் காஸ் கிளம்பும். கிளம்பிவிட்டதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பக்கத்துல ஒரு சின்னக் குழாய் இருக்கும் கண்ணு. அதுல நெருப்புக் குச்சியைக் காட்டோணும். வெள்ளைப் புகையா வந்தா கரி ஈரம். பிடிச்சுப் பிடிச்சு அணைஞ்சா எங்கியோ காத்து களவு போகுது. நீலமா நின்னு எரிஞ்சாத்தான் வண்டி கிளம்பும்" என்றார்.

நடுவழியில் நின்றுபோனாலும் இதே குச்சிதான் நாடி பார்க்கும் கருவி. முதல் சந்தேகம் கரி தொங்கிவிட்டதா என்பது. அடியில் எரிந்து குழி விழுந்திருக்கும். மேலே உள்ள கரி ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு இறங்காமல் நிற்கும். நீளக் கம்பியால் குத்தினால் சரியாகிவிடும். அது இல்லையென்றால் காற்று நுழையும் வாயில் சாம்பல் உருகிக் கல்லாக இறுகியிருக்கும். அந்த இடத்துச் சூடு ஆயிரம் டிகிரிக்கு மேல். மண் கலந்த கரியை மலிவாக வாங்கிய முதலாளிக்கு இது கிடைக்கும் தண்டனை. அதை அனுபவிக்கிறவர் என்னவோ கிளீனர். அதுவும் இல்லையென்றால் வடிகட்டி அடைத்திருக்கும். கழற்றி உதறிக் கழுவ வேண்டும். எல்லாம் நன்றாயிருந்தும் சுடர் நிற்கவில்லையென்றால் மூடியில் கசிவு. அதற்கு அவர் வைத்தியம், வயல் களிமண்ணைக் குழைத்துச் சுற்றிலும் அப்புவது. அடுத்த ஊர்வரை தாங்கும்.

சுலபமானதை முதலில் பார், கழற்ற வேண்டியதைக் கடைசியில் பார் என்ற இந்த வரிசையை அவருக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. இன்றைக்குத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் விறகு பாய்லரைக் கவனிக்கிறவர்களும் அடைப்பையும் கசிவையும் சாம்பலையும் ஏறக்குறைய இப்படித்தான் தேடுகிறார்கள்.

இன்னொரு தொல்லை சந்தைநாள். எஞ்சின் ஓடும்போது அதுவே காற்றை இழுத்து நெருப்பை உயிரோடு வைத்துக்கொள்ளும். அரை மணி நின்றால் நெருப்பு மங்கிவிடும். மற்றவர்கள் காபி சாப்பிடும் நேரத்தில் இவர் மறுபடியும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பார்.

நெருப்பு இருக்கும்போது மூடியைத் திறந்தால் குப்பென்று ஜ்வாலை எழும்பும். புருவம் இல்லாத கிளீனர்களை அந்த நாளில் எல்லா ஸ்டாண்டிலும் பார்க்கலாமாம். அதைவிடக் கொடியது அந்த வாயு. அதற்கு மணமில்லை, நிறமில்லை. மூச்சில் கலந்தால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடும். தலை கனக்கும், கண் இருட்டும், ஆள் சாய்ந்துவிடுவான். இவரும் ஒருமுறை காங்கேயம் ரோட்டில் விழுந்திருக்கிறார். மரத்தடியில் படுக்கவைத்து, நினைவு வந்ததும் நீர்மோர் கொடுத்தார்களாம். மோர்தான் பிழைக்கவைத்தது என்று கடைசிவரை சாதித்தார். காப்பாற்றியது மரத்தடிக் காற்று என்று நான் சொன்னதை அவர் லட்சியம் செய்யவில்லை.

யுத்தகாலத்தைப் பற்றி நம்மவர்கள் எழுதிய புத்தகங்களில் கம்பெனிகளின் பெயர் இருக்கிறது. அது நியாயம்தான், முதல் போட்டவர்களும் யோசித்தவர்களும் அவர்கள். ஆனால் பீப்பாய் தானாக ஓடவில்லை. பதினாலு வயதுப் பையன் ஒருவன் அதன் பின்னால் தொற்றிக்கொண்டு, அதன் இருமலைக் காதால் கேட்டு, எங்கே நோவு என்று சொல்லிக்கொண்டு போனான். பதினாலு வயதில் அவன் செய்திருக்க வேண்டிய வேலையும் அல்ல அது. அவனுடைய நுரையீரலுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கணக்கெடுத்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

1945-இல் யுத்தம் முடிந்தது. பங்கீடு உடனே போய்விடவில்லை. கரி பஸ்ஸும் உடனே மறையவில்லை. பெட்ரோல் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்து, பின்னால் டீசல் எஞ்சினும் பரவியபோது, பீப்பாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். இவருடைய வண்டியின் பீப்பாய் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. முதல் நாள் பெட்ரோலில் போனபோது வண்டி காற்றாய்ப் பறந்ததாம். சக்கரம் சுற்ற ஆள் வேண்டியிருக்கவில்லை. அடுத்த மாதம் அவர் ஒரு ஜின் பாக்டரியில் மூட்டை தூக்கப் போனார்.