முத்துக் கணக்கில் வராத மன்னார்க் கோடை



மன்னாரின் வரலாற்றை யார் எழுதினாலும் முத்தில்தான் ஆரம்பிப்பார்கள். 1344 இல் இப்னு பதூதா புத்தளத்தில் வந்து இறங்கியபோது ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குக் காட்டியதும் முத்துத்தான். வெள்ளைக்காரன் காலத்தில் மாசி, பங்குனி வந்துவிட்டால் சிலாவத்துறைக்கும் மரிச்சுக்கட்டிக்கும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து குவிவார்கள். அரபு நாட்டுச் சுழியோடிகள், கீழக்கரை மரைக்காயர்மார், நாட்டுக்கோட்டைச் செட்டிமார், வெறும் மணலில் ஒரு பட்டணமே முளைத்துவிடும். 1905 இல் மட்டும் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அடுத்த வருடம் அதே இடத்தில் உத்தியோகம் பார்த்த லெனாட் வூல்ஃப், அழுகிய சிப்பியின் நாற்றத்தையும் இலையான்களையும் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அத்தோடு 20 வருடக் குத்தகைக்கு லண்டன் கொம்பனி ஒன்றிடம் கடலைக் கொடுத்தார்கள். 1907க்குப் பிறகு பாரில் சிப்பியே இல்லாமல் போனது. அல்லாஹ்வின் கணக்கு வேறு.

இவ்வளவும் நடந்தது எங்கள் கோடையில்தான். ஆனால் அந்தக் கோடையில் எங்கள் மக்கள் எப்படி இருந்தார்கள் என்று அந்தப் பதிவுகளில் தேடினால் கிடைப்பது மிகக் குறைவு. எத்தனை வள்ளம், எத்தனை சிப்பி, அரசுக்கு எவ்வளவு வருமானம் என்பதெல்லாம் இருக்கிறது. அரிப்புக் கடற்கரையில் தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கட்டிய மாளிகையும் இருக்கிறது. ஊரார் அல்லிராணிக் கோட்டை என்பது அதைத்தான். வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் விழுந்துகொண்டிருக்கிறது. வெயில் காலத்தில் துரைக்கு வசதியாக இருக்க மாளிகை தேவைப்பட்டது. எங்கள் மூத்தம்மாமாருக்கு ஒரு பாயும் முற்றமும் போதுமாக இருந்தது.

அந்த முற்றத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தோம். அசருக்குப் பிறகு முற்றத்து மணலில் தண்ணீர் தெளிப்பார்கள். முதலில் ஒரு சூடு எழும்பும், பிறகு மண்வாசம், அதன் பிறகுதான் குளிர்ச்சி. இஷா முடிந்ததும் பாயை விரித்தால் சோளகம் வந்துவிடும். வைகாசியில் தொடங்கி புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று அது. பகலில் கண்ணில் மண் அள்ளிப் போடும், இரவில் தாலாட்டும். பிள்ளைகளுக்கு நபிமார் கதை சொல்லப்பட்டது அந்தப் பாயில்தான். கல்யாணப் பேச்சும் அங்கேதான், கடன் பேச்சும் அங்கேதான்.

நுங்கைச் சொல்லாவிட்டால் எருக்கலம்பிட்டியார் கோபிப்பார்கள். கரண்டியால் தோண்டித் தின்பது நுங்கு தின்பதே இல்லை, பெருவிரலை விட்டு நெம்பி உறிஞ்ச வேண்டும். மூன்று கண்ணும் காலியானால் கோம்பை பிள்ளைகளுக்கு. இரண்டு கோம்பையும் ஒரு தடியும் இருந்தால் வண்டி தயார். முசலிப் பக்கத்தில் ஆனி, ஆடி என்றால் பாலைப்பழம். மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னப் பழம், தேன் மாதிரி இனிப்பு, நாலு தின்றாலே உதடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலத்தில் காட்டுக்குள் போகிறவர்கள் சத்தம் போட்டுக்கொண்டே போவார்கள், ஏனென்றால் கரடிக்கும் அதே பழம்தான் உயிர். எங்கள் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: பாலைக்குளி, கரடிக்குளி. இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்.

இன்னொன்று பள்ளிவாசல் ஹவுழ். லுஹருக்கு, உச்சி வெயிலில், சுடுமணலில் செருப்பில்லாமல் ஓடி வந்து ஹவுழில் காலை வைக்கும் அந்த நொடி! வுழூ எடுக்க இரண்டு நிமிடம் போதும், பிள்ளைகள் பத்து நிமிடம் எடுப்பார்கள். மோதினார் ஏசுவார். இப்போது அனேகமான பள்ளிகளில் குழாய் வந்துவிட்டது. சுத்தம்தான், வசதிதான், ஆனால் குழாயடியில் யாரும் பத்து நிமிடம் நிற்பதில்லை.

1990 கோடையில் யுத்தம் மறுபடி தொடங்கியிருந்தது. ஆனியிலிருந்தே பயம். அப்படியிருந்தும் நுங்கு வெட்டினார்கள், பாய் விரித்தார்கள். ஒக்டோபர் கடைசியில், மாரி தொடங்கும் நேரத்தில், வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டோம். 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். யாழ்ப்பாணத்தவர்களுக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைத்தது. மன்னாரிலிருந்து பலர் வள்ளத்தில் கல்பிட்டிக்கு வந்தார்கள். வீடு, காணி, நகை, கடை எல்லாவற்றையும் பிறகு எத்தனையோ படிவங்களில் எழுதிக் கொடுத்தோம். அந்தப் படிவங்களில் முற்றத்துக்கு ஒரு கட்டம் இருக்கவில்லை.

புத்தளம் எங்களைத் தாங்கியது, அந்த நன்றிக்கடன் தீராது. ஆனால் முகாம் கிடுகுக் குடிசைகளில் கோடை வேறு மாதிரி இருந்தது. ஒரு குடிசைக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு ஆள் நடக்கும் இடைவெளி. பெண்கள் வெளியில் பாய் விரித்துப் படுக்க வழியில்லை. குளிக்கக் கிணற்றடியில் வரிசை. முன்பு வெயிலை இரவுக்காகக் காத்திருந்து தாங்கினோம், இங்கே இரவும் வெயிலாகவே இருந்தது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் கோடை என்றால் வியர்வை மட்டும்தான். மூத்தவர்கள் ஊரைப் பற்றிப் பேசும்போது சொத்தைவிட இந்தச் சின்னச் சின்ன விடயங்களைத்தான் அதிகம் சொன்னார்கள் என்பதை நாங்கள் அப்போது பெரிதாகக் கவனிக்கவில்லை. காணி உறுதி முக்கியம்தான். ஆனால் எந்த மரத்தின் கீழ் எந்த மாதம் பழம் பொறுக்கினோம் என்பதும் ஒரு ஊரில் வாழ்ந்ததற்கான சாட்சி அல்லவா?

2009க்குப் பிறகு திரும்பிப் போனவர்கள் கண்டது காடு. ஏறக்குறைய இருபது வருடம் ஆளில்லாத வளவுகளில் மரம் முளைக்காமல் என்ன செய்யும்? 2017 இல் மாவில்லு வனம் பாதுகாக்கப்பட்ட காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. காடு தேவை, அதில் எங்களுக்கு மறுப்பில்லை. எல்லை கீறும்போது அந்த மண்ணில் நடந்தவர்களிடம் கேட்டிருக்கலாம் என்பதுதான் ஆதங்கம். சோளகத்துக்கும் இப்போது கணக்கு வந்துவிட்டது. 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனியின் 30 காற்றாலைகள் மன்னார்த் தீவின் தென்கரையில் சுற்றுகின்றன, அவை சுமார் 100 மெகாவொட். அதே காற்றுத்தான் முன்பு மூத்தம்மாவின் முந்தானையை இழுத்தது.

கிணறுகளை வைத்துத்தான் மூத்தவர்கள் வழி சொல்வார்கள், இன்னார் வளவுக் கிணறு, புளியடிக் கிணறு என்று. எண்பது வயதைத் தாண்டியவர்கள் எங்களிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆகஸ்ட் விடுமுறையில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கொப்பியும் பேனையுமாக அவர்கள் வீடுகளுக்கு வருவார்கள். எந்தக் கிணற்றுத் தண்ணீர் இனிப்பு, எந்த மரத்துப் பாலைப்பழம் முதலில் பழுக்கும், பாயை எந்தப் பக்கம் தலை வைத்து விரிப்பது என்றெல்லாம் கேட்பார்கள். கொஞ்சம் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகளுக்குக் குடிக்க ஏதாவது குளிராகவும் கொடுங்கள்.