சேம அச்சும் அனுமதிச் சீட்டும்

எம்.ஏ. வகுப்பில் புறநானூற்று 102ஆம் பாட்டை நடத்திய பேராசிரியர் உவமையோடு நின்றுகொண்டார். பொகுட்டெழினியை ஔவையார் உமணர் வண்டியின் அடியில் கட்டிய சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். உவமை, பொருள், துறை, அவ்வளவுதான். வழியில் அச்சு முறிந்தால் மாட்டை அவிழ்த்து யார் பிடித்துக்கொள்வது, அன்றைக்குச் சோறு எங்கே பொங்குவது என்பதெல்லாம் தேர்வுக்கு வராத கேள்விகள். இலக்கியம் என்று நாம் பழகியிருப்பதே இத்தகைய வேலைகளைக் கழித்தபின் மிஞ்சுவதைத்தானோ என்று தோன்றுகிறது.

கழிக்காமல் வாசித்தால் வேறொரு வாழ்க்கை தெரிகிறது. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வண்டியின் முகப்பில் காடி வைத்த கலம் கட்டியிருக்கிறது. பிள்ளையோடு இருக்கும் பெண் மாட்டை ஓட்டுகிறாள். அகநானூற்றில் உமணர் விட்டுப்போன அடுப்புக் கற்களில், பின்னால் வந்த மழவர் இறைச்சி வேகவைக்கிறார்கள். நெல்லுக்கு நேர் உப்பு என்று கூவிக்கொண்டு உமணப்பெண் தெருவில் போகிறாள். சமையல், பிள்ளை வளர்ப்பு, பழுதுபார்ப்பு, பண்டமாற்று எல்லாம் பாதையிலேயே நடக்கின்றன. வீடு என்றால் சுவர் என்ற நம் கணக்கு இங்கே செல்லாது. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இது நிலைகுடிப் புலவரின் கண். அகப்பாடல்களில் உமணர் பெரும்பாலும் தலைவன் கடந்துபோகும் வழியின் பின்னணிதான். இருந்தும் அந்தக் கண்ணில் சந்தேகம் இல்லை.

சந்தேகம் எப்போது வந்தது? உமணர் வழிவந்தவர்கள்தான் குறவர் என்று நான் சொல்லவில்லை, அதற்குச் சான்றில்லை. ஆனால் உப்பையும் தானியத்தையும் பொதிமாட்டில் ஏற்றிக் குடும்பத்தோடு அலைந்த குறவர்கள் சென்னை மாகாணத்தில் இருந்தார்கள். 1909இல் தர்ஸ்டன் தொகுத்த நூலில் உப்புக் குறவர் என்றே ஒரு பிரிவு உண்டு. 1805இல் உப்பு கும்பினியின் ஏகபோகமாயிற்று. 1856இல் ராயபுரத்திலிருந்து ரயில் கிளம்பியது. பிறகு 1876-78 பஞ்சம். பொதிமாட்டுக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. பிழைப்பைப் பறித்த அதே அரசு, பிழைப்பில்லாமல் அலைபவனைக் குற்றவாளி என்றது: மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இதுதான்.

வடக்கே 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்தோடு இங்கும் நுழைந்தது. பதிவானவர் விரல்ரேகை கொடுக்க வேண்டும். குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும். இருப்பிடத்தை விட்டுப் போனால் தெரிவிக்க வேண்டும். வரையறுத்த எல்லையைத் தாண்டச் சீட்டு வேண்டும். சந்தைக்குப் போவது, மூங்கில் வெட்டப் போவது, சொந்தக்காரர் சாவுக்குப் போவது என எந்த அன்றாடக் காரியமும் குற்றமாக முடியும். சட்டம் குறிவைத்தது திருட்டை மட்டுமல்ல, ஒரு வாழ்முறையின் தினசரியை. 1913இல் குண்டூர் மாவட்டத்தில் ஸ்டூவர்ட்புரம் குடியிருப்பு உருவானது. தெருவில் நடத்திய குடும்பத்தைக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்து 'திருத்த' முயன்றார்கள்.

மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் சட்டம் ஒழிந்தது. எங்கள் ஊரில் ஒழிந்ததா? நான் சின்னப்பையனாக இருந்தபோது ஏரிக்கரையில் கூடாரம் போட்டார்கள் என்று கேள்விப்பட்டதுமே அப்பாயி, 'எலே, கோழியப் பிடிச்சு அடைடா' என்பாள். நானும் ஓடி ஓடிப் பிடித்துப் பஞ்சாரத்தில் கவிழ்ப்பேன். அந்தப் பஞ்சாரம் அந்தக் கூடாரத்துப் பெண்ணிடம் நெல் கொடுத்து வாங்கியது. 1911இன் சட்டத்தைப் படித்தறியாத அப்பாயியும் நானும் அதைத்தான் அமல்படுத்திக்கொண்டிருந்தோம்.